மழைக்கும் ஒதுங்க விடாத பள்ளிக்கூடம்

1

‘மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன்’ என்று தமிழில் ஒரு ஏச்சு உண்டு. எழுத்தறியாதவனைக் கேலி பண்ணுகிற ஏச்சு. படித்தவர்கள் வாயில் வரும். படிக்காத பெரியவர்கள் தங்களைத் தாங்களே தாழ்த்திச் சொல்லும்போதும் வரும். இந்த ஏச்சுக்குள் ஒரு அனுமானம் பதுங்கிக் கிடக்கிறது. மழை வந்தால் எவன் வேண்டுமானாலும் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் போய் நிற்கலாம், நிற்காமல் போனது அவனவன் பாடு என்கிற அனுமானம். நிற்க விட்டார்களா என்ற கேள்வி அதில் இல்லை.

கரிசல் எழுத்தின் மூத்தவர் கி.ராஜநாராயணன் இந்த ஏச்சை எடுத்துத் தன்மேலேயே போட்டுக்கொண்டவர். தான் மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியதாகவும், ஒதுங்கிய இடத்திலும் பாடத்தைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டதாகவும் சொல்லிச் சிரிப்பார். இடைசெவலில் 1920களில் பிறந்தவர் அவர். அவருடைய பள்ளிக்கூட வயசு 1930களில் வருகிறது. உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம் பிடித்து ஆட்டிய வருசங்கள். அவருடைய பேச்சு அழகான பேச்சு. பள்ளிப் படிப்பின் மிடுக்கைப் பகடி பண்ணுகிற பேச்சும்கூட. அந்தப் பகடி நமக்கும் வேண்டியதுதான்.

ஆனால் தாழ்வாரத்தில் நின்று மழையை வேடிக்கை பார்க்கிற வசதி அவருக்குப் பிறந்த வீட்டோடு வந்தது. அதே கரிசலில், அதே மழையில், அதே வயசில், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆண்டை வீட்டு மாட்டுக்குப் பின்னால் நின்ற பிள்ளைக்கும் ஒரு மழை இருந்தது. அவனும் பள்ளிக்கூடத்தைப் பார்த்தான், தூரத்திலிருந்து. அவன் பார்த்த பள்ளிக்கூடம் தமிழில் எழுதப்பட்டிருக்கிறதா? எழுதப்படவில்லை என்றால் ஏன்? எழுதப்பட்ட கொஞ்சமும் எதைச் சொல்கிறது, எதை விடுகிறது? இந்தக் கேள்விகளோடுதான் இங்கே பள்ளிக்கூட நினைவுகளை வாசிக்க நினைக்கிறேன்.

2

பள்ளிக்கூட நினைவு என்பது தமிழ் உரைநடையில் ஒரு தனி வகையாகவே ஆகிவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடம், மணலில் விரலால் எழுதிய ‘அ’னா, சட்டாம்பிள்ளை, வாத்தியாரின் குடுமி, பிரம்பு, விஜயதசமிப் பொரிகடலை. உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ 1940இல் ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியதிலிருந்து இன்றைய வார இதழ்ப் பக்கங்கள் வரை இந்தச் சாமான்கள் மாறவில்லை. வறுமையும் வரும். கிழிந்த சட்டை, அரைவயிற்றுக் கஞ்சி, கடனுக்கு வாங்கிய சிலேட்டு. ஆனால் அந்த வறுமைக்கு ஒரு இனிப்பு ஏறியிருக்கும். ‘அப்போது கஷ்டப்பட்டோம், ஆனால் மனுசங்க நல்லா இருந்தாங்க’ என்று முடியும். பக்கத்தை மூடும்போது வாசகனுக்கும் ஒரு பெருமூச்சு வரும்.

அந்த ‘நல்லா இருந்த மனுசங்க’ யார் யாருக்கு நல்லா இருந்தாங்க என்பதுதான் நம்முடைய விமர்சனம் தொடங்க வேண்டிய இடம்.

மந்தகாலம் என்றால் என்ன என்று முதலில் சுருக்கமாகப் பார்ப்போம். 1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச்சந்தை சரிந்தது. அந்தச் சரிவு கப்பலேறி நம்ம ஊர் பருத்திக்காட்டுக்கு வந்து சேர அதிக நாள் ஆகவில்லை. 1933க்குள் சென்னை மாகாணத்தில் நெல், பருத்தி, நிலக்கடலை எல்லாமே ஏறத்தாழப் பாதி விலைக்கு வந்துவிட்டன. கிஸ்தியும் வட்டியும் ரொக்கமாகக் கட்ட வேண்டியவை. அவை அந்த அளவுக்கு இறங்கவில்லை. மலேயா ரப்பர்த் தோட்டங்களில் வேலை போய், தமிழ்க் கூலிகள் லட்சக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அக்கரைச் சீமைக்கு ஆள் அனுப்பிய பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இது இரட்டை அடி. காசு வருவது நின்றது, கைகள் திரும்பி வந்தன. அப்போது எங்கள் மல்லாங்கிணறும் அந்த ராமநாதபுரம் மாவட்டந்தான். விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல்.

இங்கிலீசில் அந்தக் காலத்து அரசாங்கக் காகிதங்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். விலை விழுந்ததற்கு ‘டிப்ரஷன்’ என்று பெயர். நமக்கு ‘டிப்ரஸ்ட் கிளாசஸ்’ என்று பெயர். ஒரே வேர்ச்சொல். முதலாவது பத்துப் பன்னிரண்டு வருசத்தில் யுத்தத்தோடு தீர்ந்துபோனது. அதைப் பற்றிப் புத்தகங்கள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. இரண்டாவது எப்போது தொடங்கியது என்று கேட்டாலே சபையில் முகம் சுளிப்பார்கள்.

3

அந்த மந்தகாலத்தில் நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் மிகத் தெளிவான பிரதி எது என்று கேட்டால், ஒரு கதையையோ கவிதையையோ என்னால் சொல்ல முடியாது. அது ஒரு தடைப்பட்டியல்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் சமூகத்து நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கும் தேவேந்திரகுல வேளாளர்களுக்கும் எதிராக எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆம்பளைகள் முட்டிக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. சட்டை, பனியன் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக்கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. பொம்பளைகள் ரவிக்கை, தாவணி போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறினவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அப்படியும் மக்கள் முழுசாகப் பணியவில்லை என்பதற்கு அடுத்த பட்டியலே சாட்சி. 1931 ஜூனில் எட்டு, பதினொன்றாக வந்தது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன், 1946இல் வெளிவந்த சாதி பற்றிய தன் நூலில் இரண்டு பட்டியல்களையும் பதிவுசெய்து வைத்திருக்கிறார்.

இரண்டாவது பட்டியலை ஒரு இலக்கியப் பிரதியை வாசிப்பதுபோல வரிசைப்படி வாசிக்க வேண்டும். முதலில் உடுப்பு, நகை. அடுத்தது தண்ணீர்: மண்பானையில்தான் எடுக்க வேண்டும், சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான். நாலாவது, பிள்ளைகள் படிக்கக்கூடாது, எழுத்தறிவு பெறக்கூடாது. ஐந்தாவது, பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டுமே மேய்க்க வேண்டும். ஆறாவது, ஆணும் பெண்ணும் மிராசுதார் பண்ணையில் அடிமைகளாக உழைக்க வேண்டும். ஏழாவது, வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் பிடித்துப் பயிர் செய்யக்கூடாது. எட்டாவது, சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் கிடையாது. ஒன்பதாவது, காலை ஏழு மணி முதல் சாயங்காலம் ஆறு மணி வரை கூலிவேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு ரெண்டணா. கடைசி இரண்டும் கல்யாணத்தைப் பற்றியவை: மேளம் கூடாது, குதிரை ஊர்வலம் கூடாது.

இதைச் ‘சாதித் திமிர்’ என்று ஒரே வார்த்தையில் முடிப்பது நமக்குப் பழக்கம். திமிர்தான். ஆனால் திமிருக்குக் கணக்கும் தெரியும். விளைச்சலின் விலை பாதியாகிவிட்டது, கிஸ்தி நிற்கிறது. நிலம் வைத்திருப்பவன் குறைக்கக்கூடிய ஒரே செலவு கூலி. கூலியைக் குறைக்க வேண்டுமென்றால் கூலிக்காரனுக்கு வேறு வழி இருக்கக்கூடாது. சொந்த நிலம் ஒரு வழி, அதை அடைத்தார்கள். குத்தகை ஒரு வழி, அதையும் அடைத்தார்கள். மூன்றாவது வழி பள்ளிக்கூடம். நாலாவது தடையை நான் ஒன்பதாவது தடையோடு சேர்த்துத்தான் வாசிப்பேன். பிள்ளையின் சிலேட்டும் அப்பனின் நாலணாவும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்டவை.

முதல் பட்டியலில் குடையும் செருப்பும் சட்டையும் கிராப்பும் ஏன் வந்தன? கொழும்புக்கும் பினாங்குக்கும் ரங்கூனுக்கும் போய் வந்தவன் கொண்டு வந்தவை அவை என்றே எனக்குப் படுகிறது. கடல் கடந்து போனவன் ஊர் திரும்பும்போது கையில் காசு இல்லாவிட்டாலும் உடம்பில் ஒரு சட்டையும் மனசில் ஒரு நிமிர்வும் இருந்திருக்கும். அந்த நிமிர்வைக் கழற்றத்தான் எட்டுத் தடை.

இப்போது ஐந்தாவது தடைக்கு வாருங்கள். மாடு மேய்ப்பது. தமிழ்நாட்டில் வகுப்பறைக்குள் உட்கார்ந்த எவருக்கும் ‘நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு’ என்ற வசவு தெரியும். வாத்தியார்களின் பொதுச்சொத்து அது. பள்ளிக்கூட நினைவு எழுதுகிறவர்கள் சிரித்துக்கொண்டே இதை எழுதுவார்கள்: ‘மாடு மேய்க்கத்தான் லாயக்கு என்று சார் திட்டினார், நான் கலெக்டராகி அவர் காலில் விழுந்தேன்’ என்று. மற்றவர்களுக்கு அது ஒரு வசவு. நமக்கோ 1931 ஜூனில் எண் போட்டு எழுதிவைத்த கட்டளை. ஒரே வாக்கியம் இரண்டு பிள்ளைகளின் காதில் இரண்டு விதமாக விழுகிறது. தமிழ் விமர்சனம் இந்தக் கேள்வித்திறனைக் கற்றுக்கொள்ளாதவரை பள்ளிக்கூட நினைவுகளை அது முழுசாக வாசித்ததாக ஆகாது.

4

எட்டுத் தடைகள் போடப்பட்ட அதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அண்ணல் அம்பேத்கரோடு அங்கே உட்கார்ந்திருந்தவர் நம் இரட்டைமலை சீனிவாசன். சென்னை சட்டமன்றத்தில் பொதுச் சாலையும் பொதுக் கிணறும் எல்லாருக்கும் பொது என்று 1924இலேயே தீர்மானம் கொண்டுவந்தவர். ஆறு வருசத்துக்குப் பிறகு, ராமநாதபுரத்தில் செருப்புக்கே தடை.

அவர் 1939இல் ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ எழுதினார். பெயருக்கேற்ற சின்னப் புத்தகம். மந்தகாலத்தின் கடைசியில் எழுதப்பட்ட அந்த நூலில் அவர் போய்ச் சேருவது அரைநூற்றாண்டுக்கும் முந்திய கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு. படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். சாதி தெரிந்துவிட்டால் அவமானம் வரும் என்று யாரோடும் சேராமல், விளையாடாமல், ஒதுங்கியே இருந்த பையனை அவர் காட்டுகிறார். அதைச் சொல்ல அவருக்குச் சில வரிகளே போதுமானதாக இருந்தன. அழுகை இல்லை, ஆவேசம் இல்லை. சாட்சி சொல்கிறவனின் சிக்கனம்.

கிட்டத்தட்ட அதே காலத்தில், 1930களின் நடுவில், அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற நினைவுக்குறிப்புகளை எழுதினார் என்று கருதப்படுகிறது. அச்சில் நூலாக வந்தது 1990இல். வகுப்பின் மூலையில் தனியாக உட்கார்ந்த பிள்ளை, தான் உட்காரும் கோணிச்சாக்கைத் தானே வீட்டுக்குச் சுமந்துபோகிற பிள்ளை, பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர் குடிக்க முடிகிற பிள்ளை. சீனிவாசனும் அம்பேத்கரும் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். முதலாமவர் மறைந்திருந்த பிள்ளையை எழுதுகிறார், இரண்டாமவர் மறைய முடியாத பிள்ளையை எழுதுகிறார். பின்னால் வந்த தலித் தன்வரலாறுகள் எல்லாம் இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில்தான் அலைகின்றன.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரண்டு பேருமே மந்தகாலத்தில் உட்கார்ந்து எழுதினாலும் எழுதியது தங்கள் பால்யத்தை. 1931இல் பள்ளிக்கூட வயசில் இருந்த பிள்ளை பேசவில்லை. அந்தப் பிள்ளை பேசிய இடம் ஒன்று எனக்குத் தெரியும். அது இந்தக் கரையில் இல்லை.

5

யாழ்ப்பாணத்தில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தரையிலோ வகுப்புக்கு வெளியிலோ உட்கார வேண்டியிருந்தது. 1930ஐ ஒட்டி, எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. ஒரு பெஞ்சு. அவ்வளவுதான் கேட்டது. அதற்கு மேல்சாதியினர் கொடுத்த பதில், சமமாக உட்காரவைத்த பள்ளிக்கூடங்களைத் தீ வைத்துக் கொளுத்தியது. இலங்கைத் தமிழ்க் கல்வியின் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சாம்பலைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அந்தக் காலத்தில் அங்கே பிள்ளைகளாக இருந்தவர்கள் கே.டானியலும் டொமினிக் ஜீவாவும். இரண்டு பேருக்கும் முறையான படிப்பு சீக்கிரமே முடிந்துபோனது. ஜீவா 1927இல் பிறந்தவர். ஆசிரியர் ஒருவர் சாதித் தொழிலைச் சொல்லி இழிவுபடுத்தியதால் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். சலூனில் தகப்பன் தொழிலைச் செய்துகொண்டே வாசித்தார், எழுதினார், 1966இல் ‘மல்லிகை’ இதழைத் தொடங்கினார். ‘எழுதப்படாத கவிதைக்கு வரையப்படாத சித்திரம்’ என்ற அவருடைய தன்வரலாறு 1999இல் வந்தது. பள்ளிக்கூடம் தள்ளிவிட்ட ஒருவர் சலூனையே பள்ளிக்கூடமாக்கிக்கொண்ட கதை அது. எந்தத் தொழிலைச் சொல்லி விரட்டினார்களோ அந்தத் தொழில் நடந்த இடத்திலேயே ஒரு இலக்கியப் பத்திரிகையை வளர்த்ததைவிடப் பெரிய பதிலை அந்த ஆசிரியருக்கு யாரும் சொல்லிவிட முடியாது.

நம் கரையில் இதற்கு ஈடான ஒன்று ஏன் வரவில்லை? திறமை இல்லாமல் இல்லை. அங்கே இடதுசாரி இயக்கம் அந்தத் தலைமுறையின் கையில் பேனாவைக் கொடுத்தது. கட்சி, சங்கம், பத்திரிகை என்று எழுத இடமும் இருந்தது. இங்கே இடதுசாரி இயக்கம் கூலி உயர்வு கேட்டது, அடிக்கு எதிராக நின்றது, தியாகமும் செய்தது. ஆனால் சேரிப் பிள்ளையின் பள்ளிக்கூட நினைவு இலக்கியமாகும் என்று அதற்கும் தோன்றவில்லை. தலித் எழுத்து என்று நாம் பெயர் சொல்லி எழுந்தது 1990களில். அப்போது அந்த 1931ஆம் வருசத்துப் பிள்ளைக்கு எழுபது வயசு ஆகப்போகிறது. பேனா நம் கைக்கு வந்தபோது அவர்களுக்குக் கண் மங்கிவிட்டது.

6

கண்தான் மங்கியது, வாய் மங்கவில்லை. பதினைந்து வருசத்துக்கு முன்னால் நாங்கள் சில தோழர்கள் எங்கள் பக்கத்துப் பெரியவர்களைப் பேசவைத்துப் பதிவு பண்ணினோம். அப்போது எண்பத்தஞ்சைத் தாண்டிய தாத்தா ஒருவர் சொன்னதை அவர் பேச்சிலேயே இங்கே வைக்கிறேன். பேர் வேண்டாம் என்றார்.

“பள்ளிக்கூடமா? எங்களுக்குப் பள்ளிக்கூடம்னா செவருதான் பேராண்டி. செவுத்துக்கு அந்தப் பக்கம் வாத்தியாரு, இந்தப் பக்கம் நாங்க நாலு பேரு. சாவடியிலதான நடந்துச்சு, சாவடிக்குள்ள நாம எங்கிட்டுப் போறது? அவுக உள்ள கத்துறத நாங்க வெளிய நின்னு கத்துவோம். சிலேட்டத் தரையில வச்சுட்டுத் தள்ளி நிக்கணும். அவரு வந்து பெரம்பால தொட்டு இது தப்பு, அது தப்பும்பாரு. பெரம்புக்குத் தீட்டு இல்ல போல. அடிக்கிறப்பவும் அதே பெரம்புதான். ஒரு வருசம் போனேன், போகல. பருத்திக்கு வெலையே இல்லாமப் போச்சு. மொதலாளி கூலியக் கொறச்சுப்புட்டாரு. எங்கய்யா என்னயக் கொண்டுபோயி மாட்டுக்கு விட்டுட்டாரு. கூழு அங்கிட்டே குடிச்சுக்கிறலாம்ல. ஒண்ணு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. மழ பேஞ்சா உள்ளருந்து சன்னலச் சாத்திருவாக. அன்னைக்கு எங்களுக்கு லீவு.”

சொல்லிவிட்டு அவர் ரொம்ப நேரம் சிரித்தார். நாங்கள் கண்ணீரை எதிர்பார்த்துப் போயிருந்தோம். அவர் வாத்தியாரைப்போல நடந்து காட்டினார், குரலை மாற்றிப் பேசிக் காட்டினார். ‘பெரம்புக்குத் தீட்டு இல்ல போல’ என்ற வரியில் தீண்டாமையின் தர்க்கம் மொத்தமும் உடைந்து விழுகிறது. தொடக்கூடாது, ஆனால் அடிக்கலாம். இதைச் சொல்ல நமக்கு ஒரு கட்டுரை வேண்டியிருக்கிறது. அவருக்கு நாலு வார்த்தை போதும்.

கவனியுங்கள், அவருடைய பேச்சில் ‘பருத்தி வெல’ வருகிறது. பள்ளிக்கூடத்திலிருந்து நின்றதற்குக் காரணம் சொல்லும்போது அவர் சாதியையும் விலையையும் பிரித்துச் சொல்லவில்லை. சாவடி அவரை வெளியே நிறுத்தியது. பருத்தி விலை அந்த வெளியிலிருந்தும் அவரைக் கிளப்பியது. நம்முடைய எழுத்தும் ஆய்வும் இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டிருக்கிறபோது, அந்தக் கிழவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போனார்.

7

பழைய ராமநாதபுரம் மாவட்டம் என்று சொன்னேன். நம்முடைய முக்கியமான தன்வரலாறுகளில் மூன்று அந்த மாவட்டத்து மண்ணிலிருந்தே வந்திருக்கின்றன. வத்திராயிருப்புப் பக்கம் புதுப்பட்டியிலிருந்து பாமாவின் ‘கருக்கு’ (1992), அதே ஊரிலிருந்து ராஜ் கௌதமனின் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ (2002), இளையான்குடிப் பக்கத்திலிருந்து கே.ஏ.குணசேகரனின் ‘வடு’ (2005). மூன்று பேரும் 1950களில் பிறந்தவர்கள். மூன்றிலும் பள்ளிக்கூடம் பெரிய இடம் பிடிக்கிறது. நாலாவது தடையைத் தாண்டிப் பள்ளிக்குள் போய்விட்ட பிள்ளைகளின் கதை இவை. உள்ளே போனபிறகு என்ன நடந்தது?

‘கருக்கு’வில் தென்னையிலிருந்து விழுந்த ஒரு இளநிக்காகப் பிள்ளை திருடியாக்கப்படுகிறாள். தலைமை ஆசிரியர் சாதியைச் சொல்லியே தீர்ப்பளிக்கிறார். விசாரணையே இல்லை, ஏனென்றால் சாதியே சாட்சி. ‘வடு’வில் உதவித்தொகைப் படிவத்தோடு சாதிப் பெயரும் வகுப்பறைக்குள் நடந்து வருகிறது. கொடுக்கிற கையே காட்டியும் கொடுக்கிறது. ‘சிலுவைராஜ்’ வேறு வழியில் போகிறான். தன்னையே கோமாளியாக்கிக்கொண்டு பள்ளிக்கூடம், சாமியார், படிப்பு எல்லாவற்றையும் நக்கல் பண்ணுகிறான். ‘தலித் பண்பாடு’ எழுதிக் கலகத்தைப் பற்றிப் பேசியவர், தன் பால்யத்தை எழுதும்போது அந்தச் செவுத்தோரத் தாத்தாவின் சிரிப்பைக் கைக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும்.

‘கருக்கு’ வந்தபோது அதன் மொழியைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்கள் உண்டு. இப்போது பாடத்திட்டங்களிலும் இருக்கிறது. அதனாலேயே ஒரு ஆபத்தும் வந்திருக்கிறது. காயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுகிற வாசிப்பு வளர்ந்திருக்கிறது. மாணவர்கள் ஆய்வேட்டில் ‘அவமானப் பதிவுகள்’ என்று ஒரு இயல் போட்டு, தேங்காய்க் கதையைச் சுருக்கி எழுதி, அனுதாபத்தோடு முடித்துவிடுகிறார்கள். ‘கருக்கு’வில் பிள்ளைகளின் விளையாட்டு இருக்கிறது, தெருவின் கேலி இருக்கிறது, பாட்டி இருக்கிறாள், வேலைக்காடு இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகாத பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஆய்வு பண்ணக் காணோம்.

இந்த மூன்று நூல்களின் மேலும் எனக்கு ஒரு விமர்சனம் உண்டு. மூன்றிலும் நினைவு ஏறத்தாழத் தன்னோடு தொடங்குகிறது. அப்பனும் ஆத்தாவும் வருகிறார்கள், ஆனால் அப்பனின் பள்ளிக்கூட வயசு வருவதில்லை. அப்பன் எந்தச் செவுத்தோரம் நின்றான், எந்த வருசம் மாட்டுக்குப் போனான் என்று பிள்ளை கேட்டு எழுதுவதில்லை. தன்வரலாறு என்ற வடிவத்தின் குறை அது, ‘தன்’னில் தொடங்கித் ‘தன்’னில் முடிகிறது. நமக்கு வேண்டியது இரண்டு தலைமுறையை ஒரே வீட்டில் உட்காரவைத்துப் பேசவைக்கிற எழுத்து.

8

விருதுநகர்க்காரர்கள் பள்ளிக்கூடம் என்றதும் சத்திரிய வித்யாசாலையைச் சொல்வார்கள். 1889இல் தொடங்கியது. கோயில் வாசலில் நிறுத்தப்பட்ட நாடார் சமூகம், தன் கடைவீதியின் மகமைப் பணத்தையும் வீட்டுக்கு வீடு அள்ளிய பிடி அரிசியையும் வைத்துப் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டது. காமராசர் படித்ததும் அங்கேதான். அந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய. ஆனால் ‘அவுக கட்டலையா, நீங்களும் கட்டிக்க வேண்டியதுதான’ என்று நம்மிடம் சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறார்கள். மகமைக்குக் கடை வேண்டும், தராசு வேண்டும், மூட்டை போய் வர வேண்டும். நாலணாக் கூலியில் மகமை எங்கிருந்து பிரிப்பது? நமக்கு இருந்த வாசல்கள் இரண்டு. ஒன்று மிஷன் பள்ளிக்கூடம். இன்னொன்று லேபர் டிபார்ட்மெண்ட் பள்ளிக்கூடம், இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் மூதாதை. பாமாவும் ராஜ் கௌதமனும் முதல் வாசல் வழியாக வந்தவர்கள். இரண்டாவது வாசல் வழியாக வந்தவர்களின் நினைவுகள் இன்னும் எழுதப்படவே இல்லை என்று சொல்லலாம்.

மந்தகாலம் எங்கள் பக்கம் விட்டுப்போன இன்னொன்றும் இருக்கிறது. 1920களில் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்க்கிற கரிசலில் கூலி மலிவான கைகளைத் தேடியது. பிள்ளைகளின் கைகள். மாடு மேய்க்கப் போன தலைமுறைக்குப் பின்னால் குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும் போன தலைமுறைகள் வந்தன. விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் அம்மா வயசுப் பெண்களைப் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால் தீப்பெட்டியாபீஸைப் பற்றித்தான் பேசுவார்கள். 1986இல் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்னும் பின்னும் அறிவொளி இயக்கமும் சத்துணவும் பள்ளி வாசலை அகலமாக்கின. ஐந்தாவது தடையில் ‘மாடு’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தீப்பெட்டி’ என்று போட்டால், அது அறுபது வருசத்துக்கு மேல் உயிரோடு இருந்தது என்று தெரியும்.

9

‘அதெல்லாம் அந்தக் காலம்’ என்பார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தன்னைத் துன்புறுத்தியதைப் பள்ளியில் சொன்ன ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப்படித்த பையன்கள் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன்பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக்கயிறு கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. 1930இல் நாம் எதைப் போடக்கூடாது என்று பட்டியல் எழுதினார்கள். 2024இல் அவர்கள் எதைக் கட்டக்கூடாது என்று பட்டியல் எழுத வேண்டியிருக்கிறது. முன்னது கொளுத்தி அமல்படுத்தப்பட்டது. பின்னதற்கு எதிர்ப்பு கிளம்பியது.

எழுதுகிற தோழர்களுக்கும் படிக்கிற மாணவர்களுக்கும் சொல்ல ஒரு வேலை இருக்கிறது. 1931இல் ஏழு வயசாக இருந்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்த மகனும் மகளும் இன்னும் எழுபது, எண்பது வயசில் நம் தெருக்களில் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் ‘நீங்க எதுவரைக்கும் படிச்சீக?’ என்று கேட்காதீர்கள். அது சென்சஸ்காரன் கேட்கிற கேள்வி. ஒரு சொல்லில் பதில் வந்து பேச்சு முடிந்துவிடும். ‘ஒங்க அய்யா பள்ளிக்கூடத்துல எங்கிட்டு நிப்பாராம்? எந்த வருசம் மாட்டுக்குப் போனாராம்? அந்த வருசம் பருத்தி என்ன வெலைக்குப் போச்சாம்?’ என்று கேளுங்கள். அவர்கள் வாய்மொழியைத் திருத்தாமல் எழுதுங்கள். சிரித்தால் சிரித்தார் என்றே எழுதுங்கள்.

அப்படி ஒரு நூறு பேருடைய பேச்சு அச்சில் வந்துவிட்டால், அப்புறம் பார்ப்போம், மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் என்று எவன் வாயிலிருந்து வருகிறது என்று.